மெழுகு பூசும் பெஞ்சு

பனியில் நடக்கிற பலகைக்கு மெழுகு பூச ஒரு பெஞ்சு செய்து தர முடியுமா என்று ஒருவர் அஜ்மானில், அதுவும் ஆகஸ்ட் மாதத்தில், உங்கள் கடை வாசலில் வந்து நின்று கேட்டால் என்ன செய்வீர்கள்? நான் ஏசியைக் கூட்டிவைத்து, அவரை உட்காரச் சொல்லி, குளிர்ந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தேன். வெயில் மண்டைக்கு ஏறியவர்களுக்கு முதலில் அதைத்தான் செய்ய வேண்டும்.

தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு அவர் மறுபடியும் அதையே கேட்டார்.

ஆள் புதியவர் இல்லை. பெயர் ஆர்னே, நார்வேக்காரர். ஷார்ஜா எல்லையில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய கட்டடத்தில் மரவேலைகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற கன்சல்டன்ட். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கதவு கதவு, இல்லாவிட்டால் விறகு. அந்தக் கட்டடத்துக்கான கதவுகள் அத்தனையும் என் கடைக்குப் பக்கத்து ஷெட்டில் இருக்கிற ஜாயினரியில், அதாவது மரவேலைப் பட்டறையில்தான் செய்யப்பட்டன. அதன் முதலாளி கலீலுர் ரஹ்மான் என் மனைவி ஹாலிதாவின் அண்ணன். அதனால் ஆர்னே என்ற பெயர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை வரைக்கும் வந்து வசவு வாங்கியிருக்கிறது.

அவர் கையில் எப்போதும் நீளமான ஓர் அலுமினியப் பட்டை இருக்கும். அதைக் கதவின் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் குனிந்து பார்ப்பார். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் நூலளவு வெளிச்சம் தெரிந்தால் போதும், கதவு வளைந்துவிட்டது என்று அர்த்தம். பேசமாட்டார், கோபப்படமாட்டார். ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விடுவார். சாயங்காலம் லாரியில் கதவுகள் திரும்பி வரும். கலீல் மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு லாரியைச் சுற்றிச் சுற்றி வருவார்.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் அது. துபாயிலிருந்து அஜ்மான் வரை எங்கே பார்த்தாலும் கிரேன். சனையா என்று நாங்கள் சொல்கிற தொழிற்பேட்டையில் மரம், ஆணி, பசை எல்லாம் இறங்கிய வேகத்தில் காலியாகிக்கொண்டிருந்தன. கீழக்கரையிலிருந்து வந்து ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிற செய்கு முகம்மதுவாகிய நானே மதியத் தூக்கத்தைத் துறந்து கடையைத் திறந்துவைத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்னே ஒரு காகிதத்தை விரித்தார். ஆள் உயரத்தைவிட நீளம். ஆனால் ஒரு சாண்கூட இல்லாத அகலம். இடுப்பு உயரத்துக்கு மடக்குக் கால்கள். இதில் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. நான் பக்கத்து ஷெட்டைப் பார்த்து, "முனியசாமி, இங்க கொஞ்சம் வா!" என்று கத்தினேன்.

முனியசாமி கலீல் மச்சானிடம் வேலை செய்கிற தச்சன், சாயல்குடிப் பக்கத்துக்காரன். வாட்டசாட்டமான ஆள், மூக்கின் மேல் எப்போதும் மரத்தூள். அவன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதென்ன பாய், இம்புட்டு ஒல்லியா இருக்கு? பாம்பைப் படுக்க வைக்கவா?"

நான் ஆர்னேயிடம் கேட்டு, அவர் சொன்னதைத் தமிழாக்கினேன். அவர் ஊரில் வருஷத்தில் பாதி பனி. பாதை, வயல், காடு எல்லாம் மூடிவிடும். காலில் ஸ்கீ என்கிற நீளமான பலகைகளை மாட்டிக்கொண்டு மைல் கணக்கில் சறுக்கிக்கொண்டு போவார்கள். பலகை வழுக்க வேண்டும், மேடு ஏறும்போது பிடிக்கவும் வேண்டும். அதற்குத்தான் மெழுகு. பலகையைக் கவிழ்த்து வைத்து, மெழுகை இஸ்திரிப் பெட்டியால் உருக்கித் தேய்ப்பார்கள். அதற்கு இந்தப் பெஞ்சு. அவருடையது பழைய மரப் பலகை. அவருக்கும் அவர் மனைவி இங்கருக்கும் கல்யாணமான வருஷத்தில் ஜோடியாக வாங்கியது. இங்கருக்கு அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. இந்த வெயிலுக்கு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஒவ்வொரு பிப்ரவரியும் லீவில் போய், மலைமேல் ஒரு மரவீட்டில் தங்கி, இரண்டு பேரும் பலகை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். இந்த ஊர் வறட்சியில் மரம் காய்ந்து போகிறது, அடிக்கடி மெழுகு பூசிவைக்க வேண்டும், நாற்காலிகளின் மேல் வைத்துப் பூசிப் பூசி இடுப்பு போய்விட்டது என்றார்.

"பிப்ரவரி வர்றதுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கே?" என்று கேட்டேன்.

"தெரியும். ஆனால் மெழுகு பூசுகிற நேரத்தில் நான் பாதி வழி போய்விட்டது போல இருக்கும்" என்றார்.

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழில் சொன்னபோது முனியசாமி சிரிக்கவில்லை. படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நம்ம அட்டைப்பெட்டி மாதிரி" என்றான்.

தொழிலாளர் கேம்ப்பில் இருந்தவர்களுக்கு அந்த அட்டைப்பெட்டி என்னவென்று சொல்லத் தேவையில்லை. லீவுக்கு ஊர் போகும்போது கொண்டு போக வேண்டியதை ஒவ்வொன்றாக வாங்கிக் கட்டிலுக்கடியில் ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்துக்கொண்டே வருவார்கள். வெள்ளிக்கிழமை ஆனால் பெட்டியைப் பிரித்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மறுபடியும் அடுக்கி, நைலான் கயிற்றால் கட்டி வைப்பார்கள். புதிதாக வாங்கியது எதுவும் இல்லாத வெள்ளிக்கிழமையிலும் பிரிப்பார்கள். முனியசாமியின் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். அதில் அவன் பெண்டாட்டி அகிலாவுக்கு வாங்கிய சேலைகளில் சோப்பு வாசம் ஏறி, சோப்பில் வாசமே இல்லாமல் போய்விட்டது. அவ்வளவு நாள் பெட்டிக்குள் கிடந்தன.

கல்யாணம் முடித்து இரண்டே மாதத்தில் அவன் விமானம் ஏறிவிட்டான். இரண்டு வருடத்தில் வரவேண்டிய லீவு மூன்று வருடம் தாண்டியும் வரவில்லை. இரண்டு தடவை தேதி குறித்தாகிவிட்டது. இரண்டு தடவையும் கதவுகள் திரும்பி வந்தன, லீவு ரத்தாகிவிட்டது. கட்டடம் ஹேண்ட் ஓவர் ஆகும்வரை ஒரு கார்பெண்டருக்கும் லீவு இல்லை என்று கலீல் மச்சான் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நான் ஒருமுறை சிபாரிசுக்குப் போனேன். "மச்சான், நீங்க உங்க ஆணிக் கடையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். ஹாலிதாவிடம் முறையிட்டேன். அவள் அண்ணன் பக்கம்தான் பேசினாள். அவளுக்கென்ன, அவள் புருஷன் தினமும் ராத்திரி சோற்றுக்கு வந்துவிடுகிறான்.

வெள்ளிக்கிழமைகளில் முனியசாமி என் கடையில் உட்கார்ந்துதான் அகிலாவுக்குப் போன் பேசுவான். ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே கிடையாது, போன் இல்லாமலே சாயல்குடிக்குக் கேட்கும் குரல். ஒருநாள் அவள், நான் உங்க பக்கத்துல நின்னா எது வரைக்கும் இருப்பேன், தோளுக்கா காதுக்கா என்று கேட்டிருக்கிறாள். இவனுக்குப் பதில் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "ஊர்ல உள்ள கதவு ஒசரமெல்லாம் மனசுல இருக்கு பாய். என் பொண்டாட்டி ஒசரம் தெரியலையே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இரண்டாவது தடவை லீவு ரத்தானபோது அவள் அழவில்லையாம். வீட்டுக்கு இரண்டு தடவை வெள்ளையடித்துவிட்டேன், தெருவில் எல்லோரிடமும் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், இனி முடியாது என்றாளாம். "இனிமே வாரேன் வாரேன்னு சொல்லாதீக. வந்து நிக்கிற அன்னைக்கி நில்லுங்க" என்று வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் சிரிப்பு பாதியாகிவிட்டது.

ஆகவே ஆர்னே கூலி என்ன என்று கேட்டபோது அவன் என்ன சொல்வான் என்று எனக்கு முன்பே தெரியும்.

"கூலி வேணாம்னு சொல்லுங்க பாய். மொதலாளிக்கிட்ட என் லீவுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அவரு சொன்னா மொதலாளி தட்டமாட்டாரு."

ஆர்னே எழுந்துகொண்டார். பெஞ்சை எடுத்துக்கொள்ள வரும்போது பேசுகிறேன் என்று கை கொடுத்தார்.

நோன்பு ஆரம்பித்ததும் வேலை நேரம் குறைந்தது. மதியத்தோடு டியூட்டி முடிந்துவிடும். மற்றவர்கள் ரூமுக்குப் போன பிறகு முனியசாமி ஷெட்டிலேயே இருந்து பெஞ்சு செய்தான். நாங்கள் நோன்பு வைத்திருக்கிறோம் என்று எங்கள் கண் முன்னால் அவன் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. தேக்குப் பலகை, பித்தளைத் திருகு, மடக்கினால் சத்தம் வராத கீல். கலீல் மச்சானின் கதவுக்குக்கூட அப்படி இழைத்ததில்லை. பெஞ்சின் உச்சியில் கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துப் பார்ப்பான், பிறகு மறுபடியும் இழைப்பான். "போதும்ப்பா, அதுல மெழுகு பூசத்தான் போறாரு, கன்னத்தை வைக்கப் போறதில்ல" என்று நான் கத்துவேன்.

அளவு பார்க்க ஆர்னே தன் பலகைகளைக் கொண்டுவந்தார். படுக்கை விரிப்பில் சுற்றி, காரின் மேல் கட்டி, பச்சைக் குழந்தையை இறக்குவது போல இறக்கினார். தோஹாவில் வேறொரு வேலை இருக்கிறது, வரப் பத்து நாளாகும், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன மறுநாள் முனியசாமி என்னை ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். பலகைகள் புதுப் பெஞ்சின் மேல் கிடந்தன. தேன் நிறம், முனை மட்டும் மேல்நோக்கித் திரும்பியிருந்தது. அவன் குனிந்து பார்க்கச் சொன்னான். முனையும் வாலும் பெஞ்சைத் தொட்டன. நடுப்பாகம் தொடவில்லை. கை நுழையும் அளவுக்கு எழும்பி நின்றது.

"பாத்தீகளா பாய். ரெண்டும் ஒரே மாதிரி வளைஞ்சு போச்சு. இந்த ஊரு வெயிலு ஒண்ணையும் விடாது. பாவம், மனுசனுக்குத் தெரியவே இல்ல."

நூலளவு வளைந்த கதவைத் திருப்பி அனுப்புகிறவர் கையளவு வளைந்த பலகையை வைத்துக்கொண்டிருந்தால் அவனுக்குப் பாவமாகத்தானே இருக்கும்? வளைந்த பலகை கண்ணில் பட்டால் தச்சனுக்குக் கை சும்மா இருக்காது. அதுவும் கல்ஃப் தச்சன். வளைவை எடுக்கத்தானே அவனை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வெந்நீரில் துணியை முக்கிப் பலகையில் சுற்றினான். மேலே இஸ்திரிப் பெட்டியை ஓடவிட்டான். மரம் இளகியதும் பெஞ்சோடு சேர்த்து அழுத்தி, என் கடையிலிருந்து வாங்கிய கிளாம்ப்புகளை வரிசையாகப் போட்டு முறுக்கினான். தகரக் கூரைக்கடியில், ஈரம் காய்ந்து, பலகைகள் நாள் கணக்கில் அப்படியே கிடந்தன. நடுவில் ஆர்னே திரும்பி வருகிற தேதியை மூன்று தடவை என்னிடம் கேட்டுவிட்டான். அவனுக்கு அவ்வளவு அவசரம். நேரான பலகையைப் பார்த்ததும் சார் முகம் மலரும், மலர்ந்த முகத்தோடு மொதலாளி ரூமுக்குப் போவார் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

ஆர்னே வந்தார். பெஞ்சைப் பார்த்து வாய்விட்டுப் பாராட்டினார். கால்களை மடக்கி விரித்து, மடக்கி விரித்து விளையாடினார். முனியசாமி கிளாம்ப்புகளைக் கழற்றி, ஆர்னே வைத்திருப்பது போலவே தானும் ஓர் அலுமினியப் பட்டையைக் கொண்டுவந்து பலகையின் மேல் வைத்து, "பாருங்க சார், லைட்டே தெரியல" என்றான்.

அவர் பலகையைப் பார்த்தார். எடுத்து, இரண்டையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்தார். இரண்டும் முழு நீளத்துக்கும் ஒட்டிக்கொண்டு நின்றன. அவர் விரல் நடுப்பகுதியில் எதையோ தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும்போதுகூட அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். பலகை நடுவில் எழும்பி இருக்க வேண்டும், அப்படித்தான் செய்வார்கள். பிடிக்கிற மெழுகை அந்த நடுப்பகுதியில்தான் பூசுவது. சறுக்கிக்கொண்டு போகும்போது அது பனியைத் தொடாது. மேடு வந்தால் ஆள் தன் முழுப் பாரத்தையும் ஒரு காலில் போடுவான், அப்போது மட்டும் நடுப்பகுதி கீழே இறங்கிப் பனியைப் பிடிக்கும். அந்த வளைவு போனால் பலகை ஏறாது. கட்டையைக் காலில் கட்டிக்கொண்டது போலத்தான்.

நான் இதைத் தமிழில் சொல்லத் தொடங்குமுன்பே முனியசாமிக்குப் புரிந்துவிட்டது. மரத்தைப் பற்றி அவர் கையால் காட்டியதே போதுமாயிருந்தது. அவன் முகம் சுருங்கிப் போயிற்று. "நல்லதுன்னு நெனச்சுத்தேன் சார்... நல்லதுன்னு நெனச்சுத்தேன்..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஆர்னே தலையசைத்தார். கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. பலகைகளைப் பெஞ்சின் மேலேயே வைத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கலீல் மச்சானின் ரூம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போச்சு பாய்" என்றான் முனியசாமி. "கலாஸ். என் லீவும் போச்சு, அந்த மனுசன் பொண்டாட்டிகூடப் போறதும் போச்சு."

இரண்டாவதாகச் சொன்னதற்குத்தான் அவன் அழுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்டாட்டியிடம் போய்ச் சேர நினைக்கிற ஒருவனின் காலை இன்னொருவன் கட்டிப்போட்டுவிட்டான், அதுவும் அதே நினைப்பில் கிடக்கிறவன்.

அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் எனக்கு எரிச்சல். ஷெட் சூட்டில் மரம் சீக்கிரம் காய்கிறது, மெதுவாகக் காய வேண்டும் என்று பெஞ்சையும் பலகைகளையும் என் கடைக்குள், ஏசிக்கு எதிரில் கொண்டுவந்து போட்டுவிட்டான். வருகிற போகிற வாடிக்கையாளர் எல்லோரும் அதில் இடித்துக்கொண்டார்கள். ஒரு பட்டான் லாரி டிரைவர், யார் மய்யித்தைத் தூக்கிக்கொண்டு போய் அடக்க இவ்வளவு ஒல்லிக் கட்டில் என்று கேட்டான். நடுவில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, முனையையும் வாலையும் கீழே இழுத்துக் கிளாம்ப் போட்டு, வெந்நீர்த் துணி சுற்றி, மதியமெல்லாம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். முதல் தடவை அவிழ்த்ததும் பலகை சோம்பலாகப் பழையபடி நீட்டிப் படுத்துக்கொண்டது. மறுபடியும் போட்டான். நோன்பு திறக்கிற நேரத்தில் ஹாலிதா கொடுத்துவிடும் கஞ்சியில் பாதியை அவனுக்கு ஊற்றுவேன். குடித்துக்கொண்டே பலகையைப் பார்ப்பான். அந்த வாரங்களில் அகிலாவோடு பேசும்போதுகூட அவன் குரல் தாழ்ந்திருந்தது. "ஒண்ணுமில்ல, வேலை ஜாஸ்தி" என்று மட்டும் சொல்வான். எதிர்முனையில் அவள் கோபமாக எதையோ சொல்லி வைத்துவிடுவாள்.

பெருநாள் முடிந்து நான் ஆர்னேக்குப் போன் செய்து வரச்சொன்னேன். கடை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, எடுத்துப் போங்கள் என்றுதான் சொன்னேன். வந்தார். முனியசாமி கட்டுகளை அவிழ்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான். ஆர்னே பலகைகளை எடுத்து அடியோடு அடி சேர்த்துப் பிடித்தார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. இரண்டு விரலை அதற்குள் விட்டுப் பார்த்தார்.

"முன்பிருந்த அளவு இல்லை" என்றார். "ஆனால் இருக்கிறது. மேலே ஏறி நின்றால்தான் மீதி தெரியும்." பிறகு அவனைப் பார்த்து, "எதற்காக இதை நேராக்கினாய்?" என்று கேட்டார்.

முனியசாமி என்னைப் பார்த்தான். "உள்ளதைச் சொல்லட்டுமா பாய்?"

"சொல்லு. இதுக்கு மேல என்ன போகப்போகுது."

"நீங்கதான சார் வளைஞ்ச மரமே ஆகாதும்பீக? நூலு வளைஞ்சாலும் செவப்பு ஸ்டிக்கர் ஒட்டுறீக. ஒங்க பலகையே வளைஞ்சு கெடந்தா ஒங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு நிமித்துனேன். அந்த ஸ்டிக்கராலதான சார் மூணு வருசமா நாங்க யாரும் ஊருக்குப் போகல."

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். முதல் பாதியைக் கேட்டு ஆர்னே சிரித்துவிட்டார். இரண்டாவது பாதியைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. லீவுக்குச் சிபாரிசு கேட்டபோது, முதலாளி கெடுபிடிக்காரர் போலிருக்கிறது என்று மட்டும்தான் அவர் நினைத்திருந்தார்.

"அப்படியானால் இவன் லீவை நிறுத்தி வைத்திருந்தது நானா?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "ஆமாம்" என்றேன்.

அவர் பலகைகளைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கலீல் மச்சானின் ரூமுக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது. முனியசாமி என் கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போய் ஆடை கட்டியது. ஆர்னே வெளியே வந்து, பெஞ்சை மடக்கி, பலகைகளோடு சேர்த்துத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, முனியசாமியின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

பின்னாலேயே கலீல் மச்சான் வந்தார். "என்ன மச்சான், உங்க வெள்ளைக்காரரு இப்படிச் சொல்றாரு? ஏசி இல்லாத பில்டிங்ல கதவை நிறுத்திவச்சா வளையத்தான் செய்யுமாம். ஏசி ஓடுன பிறகுதான் இனிமே கதவைப் பார்ப்பாராம். ஏசி ஓட ஜனவரி ஆயிடும். அதுவரைக்கும் இவனுங்களைச் சும்மா உட்கார வச்சு நான் என்ன செய்யுறது?" என்று பொரிந்து தள்ளிவிட்டு, குனிந்து முனியசாமியைப் பார்த்தார். "என்னடா பாக்குறே? பாஸ்போர்ட்டை வாங்கிக்கோ. யல்லா, முதல்ல நீ கிளம்பு."

முனியசாமிக்கு எழுந்திருக்கவே தெரியவில்லை. நான்தான் கை கொடுத்துத் தூக்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வழக்கம்போல என் கடையில் உட்கார்ந்து அகிலாவோடு பேசினான். கையில் டிக்கெட் இருந்தது. அதைப் பற்றி மட்டும் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மழை பெய்ததா, ஆடு குட்டி போட்டதா என்று கேட்டான். அவள் சிடுசிடுத்தாள். அவன் சிரித்துச் சமாளித்துவிட்டு வைத்தான்.

"ஏண்டா சொல்லலை?" என்றேன்.

"சொல்லாதீகன்னு சொன்னவ அவதேன் பாய். மறுபடியும் சொல்லி, மறுபடியும் ஏதாச்சும் ஆயிட்டா அவ தாங்கமாட்டா. நானும் தாங்கமாட்டேன். போயி நிக்கிறேன்." டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "அவளுக்கு என்னைய அடையாளம் தெரியுமா பாய்?" என்று கேட்டான். கிண்டலாகத்தான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. அவ்வளவு ஆசையும் அவ்வளவு பயமும் ஒரே முகத்தில் இருந்தது.

ஷார்ஜா ஏர்போர்ட்டில் விடிகாலையில் நானே கொண்டுபோய் விட்டேன். திருவனந்தபுரத்தில் இறங்கி, பஸ் மாறி மாறிப் போனால் பொழுது சாயும்போது ஊர் போய்ச் சேரலாம் என்று கணக்கு.

அன்று அந்தி நேரத்து மஃரிப் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது என் மொபைலில் ஒரு மிஸ்டு கால். இந்திய நம்பர். போன் கார்டு போட்டுத் திருப்பிக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நான் முனியசாமி வீட்டுக்காரி பேசுறேன். ஆத்திர அவசரத்துக்குன்னு இந்த நம்பரைக் குடுத்திருந்தாக. அவுக போனு காலையிலேருந்து ஆஃப்ல கெடக்கு. வேலையில ஒண்ணும் ஆயிடலையே அண்ணே?"

சொல்லவும் முடியாது, சொல்லாமலிருக்கவும் முடியாது. "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. தூரத்து சைட்டுக்குப் போயிருக்கான். அங்க டவர் இல்ல" என்றேன்.

"பொய் சொல்லாதீக அண்ணே. நான் கோவமாப் பேசுனேன்ல, அதான் ஆஃப் பண்ணி வச்சிருக்காக." அவள் குரல் உடைந்தது. "வாய் தவறிச் சொல்லிட்டேண்ணே. வாரேன்னே சொல்லாதீகன்னு எந்தப் பொண்டாட்டியாவது சொல்லுவாளா? வரலைன்னாலும் போகுது. பொய்யாவாச்சும் வாரேன்னு சொல்லச் சொல்லுங்க. அந்தக் கொரலும் இல்லாட்டி நான் என்னத்தைப் புடிச்சுக்கிட்டு இருப்பேன்?"

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அங்கே ஒரு ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நாய் ஒன்று குரைத்தது.

"யாரோ வந்திருக்காக. இருங்கண்ணே, வச்சுராதீக" என்றாள்.

அவள் நடக்கிற சத்தம். தாழ்ப்பாள் திறக்கிற சத்தம். "யாரு?" என்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடியும், "யாரது, இருட்டுல நிக்கிறது?" என்றாள். அதற்கும் பதில் இல்லை. ஊரையே கூட்டுகிற அந்தத் தொண்டை, பேச வேண்டிய நேரத்தில் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. போன் கீழே விழுந்தது காதில் இடியாய்க் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. லைன் போய்விட்டதோ என்று நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

பிறகு தூரத்தில் அகிலாவின் குரல் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

"அங்கனயே நில்லுங்க. கிட்ட வராதீக. கொஞ்ச நேரம் பாத்துக்கிறேன்."

நான் போனை வைத்துவிட்டேன்.